மூக்கில பட்ட குத்துக்கு எச்சரிக்கை, படாத குத்துக்குப் புள்ளியா?

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம். எனக்குக் கராத்தே தெரியாது. மகளுக்கு 15 வயது, ஆறு வருசமாப் பழகுறாள், பிரவுண் பெல்ட். போன ஞாயிறு கொழும்பில ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனனான். முதல் ரவுண்டிலேயே 1–0 எண்டு தோத்திட்டாள். தோத்தது பரவாயில்லை. தோத்த விதம்தான் மூண்டு நாளா மனசுக்குள்ள நிண்டு அரிக்குது.

நான் சண்டை நடக்கிற விரிப்புக்கு, மட் எண்டு சொல்லுறது, பக்கத்திலதான் இருந்தனான். தொடங்கி இருவது செக்கன் இருக்கும், மற்றப் பிள்ளை முன்கையால முகத்துக்கு ஒரு குத்து விட்டாள். மகளின்ர முகத்தில அது படவே இல்லை, ஒரு கையகலம் தள்ளி நிண்டுட்டுது. கொடி எழும்பிச்சுது, ஒரு புள்ளி. பிறகு மகள் அதே குத்தை விட்டாள். மூக்கு நுனியில பட்டது. ரத்தம் இல்லை, அந்தப் பிள்ளை கண்ணைச் சிமிட்டினதோட சரி. அதுக்கு மகளுக்கு எச்சரிக்கை! கடைசியில வயித்துக்கு ஒரு குத்து. கவசத்தில 'டொப்' எண்டு விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. மகள் சந்தோசத்தில எங்கட பக்கம் திரும்பிப் பாத்தவள். ஒரேயொரு கொடி எழும்பி, இறங்கிட்டுது. நேரமும் முடிஞ்சுது.

வீட்ட வந்தால் அப்பப்பா கேக்கிறார்: "காத்தில குத்தினாப் புள்ளி, ஆளில குத்தினாக் குற்றம் எண்டால் இதென்ன சண்டை? றோட்டில ஒருத்தன் கையைப் பிடிச்சால் இது உதவுமோ?" அவள் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டாள்.

தீர்ப்புப் பிழையா, இல்லாட்டி எனக்குத்தான் விளங்கேல்லையா? இந்தப் பொயின்ற் சண்டை உண்மையான நேரத்துக்கு உதவுமா? வாற வருசம் ஓ.எல். சோதினை, டியூசனும் நிறைய. நேரத்தை இதில விடுறது சரியா எண்டு தெரிய வேணும்.

மூலைக்கதிரை:

அம்மா, நான் பல வருடங்களாக மட்டின் மூலையில் கொடியோடு உட்காரும் நடுவர். அந்தப் போட்டியை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து விதியை மட்டும் சொல்கிறேன்.

உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி 14, 15 வயதுக்காரர் கேடட், 16, 17 ஜூனியர். இந்த இரண்டு பிரிவிலும் முகத்துக்கு விடும் குத்து பட்டாலே புள்ளி கிடையாது, எச்சரிக்கையும் வரலாம். படாமல் 10 சென்ரிமீற்றருக்குள் வந்து நின்றால், அதை எதிராளி தடுக்கவோ விலகவோ இல்லையென்றால், புள்ளி. நீங்கள் சொன்ன 'கையகலம்' ஏறக்குறைய அந்த அளவுதான். தலைக்கு உதைக்கும் காலுக்கு மட்டும், தோலை மெல்லத் தொட்டுப் போனால் மன்னிப்பு உண்டு. உடம்புக்குக் கட்டுப்பாட்டோடு படலாம். ஆக, முதல் புள்ளியும் எச்சரிக்கையும் விதிப்படி சரியே.

வயிற்றுக் குத்துக்கு ஒரு கொடி எழுந்தது என்கிறீர்கள். நாங்கள் நான்கு பேர் நான்கு மூலையில் இருக்கிறோம். குறைந்தது இருவர் ஒரே நிறத்துக்குக் கொடி காட்ட வேண்டும். மட் 8 மீற்றர் சதுரம். இரண்டு பிள்ளைகளும் நெருங்கி நிற்கும்போது எனக்கு ஒரு பிள்ளையின் முதுகு மட்டும்தான் தெரியும். சத்தம் கேட்கும். ஆனால் சத்தத்துக்குக் கொடி தூக்க முடியாது. கையை முழங்கை மடிந்தபடியே வயிற்றில் ஒட்டி வைத்திருந்தால் குத்தா தள்ளலா என்றும் விளங்காது. குத்தி, உடனே இழுத்தால்தான் மற்ற மூலைக்கும் தெரியும். பழைய ஆசிரியர்கள் கையை இழு, இழு என்று கத்துவதில் இதுவும் அடக்கம்.

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

தங்கச்சி, முதல்ல உங்கட மகளுக்கு ஒண்டு சொல்லுங்கோ. 2021 ஆகஸ்டில, ஒலிம்பிக்கில 75 கிலோவுக்குக் கீழான ஆண்கள் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் இத்தாலியின்ர லூய்ஜி பூசா, மற்றப் பக்கம் ஐஞ்சு தரம் உலக சாம்பியனான அசர்பைஜானின்ர ரஃபாயேல் அகாயெவ். 3 நிமிசம். முடிவு 1–0. உலகத்தில ஆகத் திறமான ரெண்டு பேர் அவ்வளவு நேரம் சுத்திச் சுத்தி நிண்டு ஒரேயொரு புள்ளிதான் எடுத்தவை. 1–0 எண்டு தோத்ததுக்குக் கதவைச் சாத்தத் தேவையில்லை.

நான் கொட்டாஞ்சேனையில ஒரு மண்டபத்தில பிள்ளைகளுக்குப் பழக்கிறன். நான் தொடங்கேக்க எங்கட டோஜோவில, பழகுற மண்டபத்தில, ஷோபு இப்பொன் எண்ட பழைய போட்டி முறை. ஒரு இப்பொன், அதாவது முழுப் புள்ளி, இல்லாட்டி ரெண்டு வசாரி, அதாவது அரைப் புள்ளி, அதோட ஆட்டம் சரி. பிழை விட்டால் திருப்பி எடுக்க நேரமில்லை, அதால ஆக்கள் கல்லு மாதிரி நிண்டு காத்திருப்பினம். இப்ப குத்துக்கு 1, உடம்புக்கு உதைச்சால் 2, தலைக்கு உதைச்சால் 3, விழுந்தவரை முறையாக் குத்தினாலும் 3. பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஆடுதுகள், ரெண்டு புள்ளி பின்னுக்கு நிண்டாலும் ஒரு காலால எட்டிப் பிடிக்கலாம் எண்டு நம்புதுகள். எனக்கு ரெண்டு முறையும் பிடிக்கும்.

இனி அந்த வயித்துக் குத்து. நடுவர் அண்ணை பார்வைக் கோணத்தைச் சொன்னார், அது உண்மை. ஆனால் நீங்கள் ஒரு வரி போகிற போக்கில எழுதியிருக்கிறீங்கள்: "எங்கட பக்கம் திரும்பிப் பாத்தவள்." எனக்கு அதிலதான் கண் நிண்டது. ஒரு அடி புள்ளியாக ஆறு விசயம் பாக்கினம்: வடிவம், விளையாட்டு மனப்பான்மை, வேகமும் பலமும், சன்ஷின், நேரம், தூரம். இதில சன்ஷின் எண்டது, அடி முடிஞ்ச பிறகும் எதிராளியில இருந்து கண்ணையும் கையையும் மனசையும் எடுக்காமல் நிக்கிறது. உங்கட மகள் நல்லாக் குத்திப்போட்டு அம்மாவைத் தேடியிருக்கிறாள். மற்ற மூலையில இருந்தவருக்குக் குத்து தெரிஞ்சிருந்தாலும் அந்தத் திரும்பலுக்குக் கொடியைத் தூக்கியிருக்க மாட்டார்.

இதை நான் புத்தகத்தில இருந்து சொல்லேல்லை. எனக்குப் பத்தொன்பது வயது, டோஜோவுக்குள்ள சும்மா பயிற்சிச் சண்டை. கியாக்கு சுக்கி, பின்கைக் குத்து, வடிவா விழுந்தது, எனக்கே தெரிஞ்சுது. கையை உயத்திக்கொண்டு அரைவாசி திரும்பினன். "யமே", நிப்பாட்டு, எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. மற்றவன் ஏற்கெனவே காலைத் தூக்கியிருந்தவன், உரா மவாஷி உதை, குதிக்கால் நேரா வாயில. மேல் முன்பல்லு ஒண்டு நிலத்தில கிடந்தது, வெள்ளையா, ஒரு பக்கம் சிவப்பா. அவனில பிழையில்லை. இண்டைக்கும் எந்தப் பிள்ளையாவது குத்திப்போட்டுத் திரும்பினால் என்ர நாக்கு தானா அந்தக் கட்டின பல்லைத் தொடுது.

அப்பப்பாவின்ர கேள்வி பெரிய கேள்வி. அவரை மரியாதையோட கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்லுறன், ஏனெண்டால் அவர் பயப்படுற விசயம் எனக்கு நடந்தது. ஒரு மழை இரவு, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையால வந்துகொண்டிருந்தன். நல்லாக் குடிச்ச ஒரு ஆள் என்னில ஏதோ பழைய கோபம் மாதிரி ஏசிக்கொண்டு நேரா வந்தார். என்ர முன்கை தானாப் போனது, கிசாமி சுக்கி எண்ட முன்கைக் குத்து, நேரமும் சரி, பாதையும் சரி. அவற்ற மூக்குக்கு மூண்டு விரல் முன்னுக்கு வந்து நிண்டுட்டுது! பத்து வருசமா நான் அதை அங்கதான் நிப்பாட்டப் பழக்கியிருந்தன். அவர் என்ர சேட்டைக் கொத்தாப் பிடிச்சிட்டார். பொத்தான் ரெண்டு போச்சு. கடைசியில கால்தான் காப்பாத்தினது. ஒரு பக்கம் சரிஞ்சு விலகினன், அவர் தன்ர பாரத்தோடயே மதிலில போய்ச் சாஞ்சார், நான் காலி வீதி வெளிச்சத்துக்கு வந்து ஓடிற 100 பஸ்ஸில ஏறிட்டன்.

அண்டிரவு முழுக்க யோசிச்சன். பயிற்சி என்னைக் கைவிட்டதா? பாதி அப்பிடித்தான். ஆனால் அந்தாள் எத்தினையாவது அடியில எனக்கு எட்டுவார் எண்டு என்ர உடம்புக்குத் தெரிஞ்சிருந்தது. சேட்டைப் பிடிச்சவர் அடுத்த கையை வீசேக்க நான் அந்த இடத்தில இல்லை. அந்தத் தூர அறிவைத் தந்தது ஆயிரக்கணக்கான பொயின்ற் ரவுண்டுகள்தான், குத்துப் பழகுற சாக்கை அடிச்சு அடிச்சு அது வராது. சாக்கு திருப்பி வந்து அடிக்காதே.

அதால இப்ப என்ர பிள்ளைகளுக்கு ரெண்டு குத்துப் பழக்கிறன். வீட்டில உடுப்புக் காயப்போடுற கயிறு இருக்குதெல்லோ, அதில பழைய பேப்பர் ஒரு தாளைக் கிளிப்பால முகத்து உயரத்தில தொங்கவிடுங்கோ. முழு வேகத்தில குத்தி, தாளில படாமல், நாலு விரல் முன்னுக்கு நிப்பாட்டி, உடனே இழுக்க வேணும். குத்து மெய்யா வேகமா இருந்தால் தாள் காத்துக்கு ஒருக்காத் துடிக்கும். மெதுவாக் கொண்டுபோய் நிப்பாட்டினால் தாள் அசையாது. பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும், ஆரும் சொல்லத் தேவையில்லை. பத்துத் தரம் இது. அடுத்த பத்து, ஆராவது பிடிச்சிருக்கிற தடிச்ச பாட்டில, அதாவது குத்துப் பழகுற மெத்தையில, இந்த முறை நிப்பாட்டக் கூடாது, பாட்டுக்கு அங்கால ஒரு சாண் தூரத்தில இலக்கு இருக்கிற மாதிரிக் குத்த வேணும். திரும்பவும் தாள். நிப்பாட்டிறதும் நிப்பாட்டாமல் விடுறதும் அவளின்ர முடிவா இருக்க வேணும், கையின்ர பழக்கமா இருக்கக் கூடாது.

பொயின்ற் சண்டையில இல்லாததையும் ஒளிக்காமல் சொல்லுறன். தொடையில உதை இல்லை, முழங்கை இல்லை, ரெண்டு கையாலும் பிடிச்சு மல்லுக்கட்டிறது இல்லை, ரெண்டாவது ஆள் இல்லவே இல்லை. மட்டில துள்ளுற துள்ளல் மழை பெய்த தார் றோட்டில பாட்டாச் செருப்போட ஏலாது. தலைக்கு உதைக்கிறதை நான் வெளியில ஒருநாளும் செய்யச் சொல்ல மாட்டன்.

ஆனால் அஷி பராய் இருக்குது, கால் தட்டிறது. என்ர மனசுக்கு இந்த விளையாட்டில ஆக மெய்யான சாமான் அதுதான். எதிராளி முன்னங்காலை எடுத்து வைக்க வாறார். பாதம் நிலத்தைத் தொட ஒரு மயிரிழை இருக்குது, பாரம் அந்தக் காலுக்கு வந்துகொண்டிருக்குது, ஆனால் இன்னும் இறங்கேல்லை. அந்த நேரத்தில உங்கட உள்ளங்காலால அவற்ற கணுக்காலுக்குக் கீழ, அவர் போற திசைக்கே இழுத்துவிட்டால் பலமே தேவையில்லை, தேங்காயெண்ணெய் ஊத்தின தரை மாதிரி வழுக்கும். கொஞ்சம் முந்தினால் வெறுங்காலைத் தட்டுவீங்கள். கொஞ்சம் பிந்தினால் தூணை உதைச்ச மாதிரி, நோகிறது உங்கட காலுக்கு. என்ர கிளாசில 38 கிலோ பெட்டை ஒருத்தி என்னை விழுத்தியிருக்கிறாள். விழுந்த உடனே கட்டுப்பாட்டோட ஒரு குத்து, 3 புள்ளி. அது மட்டிலயும் 3, றோட்டிலயும் தப்பி ஓட நேரம்.

இன்னுமொண்டு. அதே ஒலிம்பிக், 75 கிலோவுக்கு மேல், இறுதிப் போட்டி. சவூதி அரேபியாவின்ர தாரெக் ஹமெதி 4–1 எண்டு முன்னுக்கு நிக்கிறார். தலைக்கு ஒரு உதை. ஈரானின்ர சஜாத் கஞ்ஜாதே அப்பிடியே விழுந்து அறிவில்லாமல் கிடந்து ஸ்ட்ரெச்சரில கொண்டு போனவை. தங்கம் கஞ்ஜாதேக்கு, கட்டுப்பாடில்லாத அடி எண்டு ஹமெதியை வெளியேத்திட்டினம். நான் அதை ரீவியில பாத்துக்கொண்டிருந்தன், ஹமெதி அழேக்க எனக்கும் நெஞ்சு அடைச்சுது. அவர் வேணுமெண்டு செய்யேல்லை. எண்டாலும் விதி சரி எண்டுதான் நான் நிக்கிறன். அந்த விதிக்குக் கீழதான் உங்கட மகளும் மட்டில ஏறுறாள். அவளின்ர மூக்கு நுனிக்கும் அதே காவல்தான்.

மருதானை கியோகுஷின்:

மாஸ்டர் அண்ணே சொன்னதுல எனக்கு ஒரு விசயம் சேர்க்க இருக்கு. நான் ஒயாமா மசுதாட்சு ஆரம்பிச்ச கியோகுஷின் கராத்தே பழகுறவன். நாங்க நிப்பாட்டுறதில்ல, நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் முழுசா அடிப்போம், தலைக்கும் உதைப்போம். ஆனா முகத்துக்குக் கையால குத்தக் கூடாது, அதுதான் எங்க விதி. அதனால என்ன ஆகுது தெரியுமா? நெஞ்சோட நெஞ்சு நின்னு அடிச்சுப் பழகி, கை தானா கீழ வந்துரும். ஒரு தடவ பொயின்ற் ஆடுற ஒரு நண்பன் கூட சும்மா ஆடினேன். நான் ஒரு அடி எடுத்து வைக்க முன்ன அவன் கை என் கண்ணு முன்னால மூணு தடவ வந்து போயிடுச்சு. அவன நெருங்கிப் புடிச்சப்புறம் அவன் பாடு கஷ்டம், அது வேற கதை. ஆனா நெருங்கவே முடியல. அக்கா, மகள வேற எதுக்கும் மாத்தாதீங்க. பாட்டுல அடிக்கிற பயிற்சி மட்டும் கூட்டுங்க. அப்பப்பா கேட்ட கேள்வி எங்ககிட்டயும் கேட்க வேண்டிய கேள்விதான்.

வெள்ளவத்தை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு முழுதையும் வாசிச்சுக் காட்டினன். திரும்பிப் பாத்த வரியைக் கேட்டவுடன "பழக்கிற சென்செயும் அதைத்தான் சொன்னவர், நான் உங்களிட்டச் சொல்லேல்லை" எண்டாள்.

பல்கனியில தாள் தொங்குது. அப்பப்பா கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருந்து எண்ணுறார். முதல் நாள் பத்தில ரெண்டுதான் துடிச்சுது. நேற்று ஆறு. குத்தினாப் பிறகு கண்ணை எடுத்தால் பொல்லால நிலத்தில ஒரு தட்டுத் தட்டுறார், அவள் உடனே தாளைப் பாக்கிறாள். காத்தில குத்துறதுக்குப் புள்ளியா எண்டு கேட்ட மனிசன் இப்ப "நிப்பாட்டிறதுதான் கஷ்டம் போல" எண்டு சொல்லுறார்.

மாஸ்டர் அண்ணா, ரெண்டு கேள்வி. பாட்டில குத்தேக்க மணிக்கட்டு நோகுது எண்டுறாள், இது வழமையா? மற்றது, அந்த 1–0 ஆட்டத்தில கடைசி அரை நிமிசம் மற்றப் பிள்ளை பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். அது சரியோ?

கொட்டாஞ்சேனை மாஸ்டர்:

நோகிறது வழமை எண்டு விட்டிடாதேங்கோ. மணிக்கட்டு மடிஞ்சு படுது. சுட்டுவிரல், நடுவிரல் ரெண்டின்ர விரல் முட்டியும் முதல்ல பட வேணும், புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில, மேலே ஒரு அடிமட்டம் வைச்சால் ஆடாமல் கிடக்க வேணும். அரைப் பலத்தில தொடங்கட்டும், மிற் போட்டுக்கொண்டு. நோவு நிண்ட பிறகு பலத்தைக் கூட்டலாம். 15 வயது எலும்பு இன்னும் வளருது, அவசரம் வேண்டாம். ஒரு கிழமைக்குப் பிறகும் நோவு இருந்தால் பாட்டை நிப்பாட்டி டொக்டரிட்டக் காட்டுங்கோ. தாள் தொடரட்டும்.

பின்னுக்குப் போனது பற்றி. முதல் புள்ளி எடுத்த பிள்ளைக்குச் சென்ஷு எண்டு ஒரு சலுகை இருக்குது, சமனா முடிஞ்சால் அவவுக்குத்தான் வெற்றி. அதால உங்கட மகள் ஒரு குத்தால சமன் செய்திருந்தாலும் மற்றவதான் வெண்டிருப்பா. ஆனால் கடைசி 15 செக்கனுக்குள்ள சண்டையைத் தவிர்த்து ஓடினால் தண்டனையும் வரும், அந்தச் சென்ஷுவும் போகும். தூரம் எடுக்கிறது வேற, ஓடுறது வேற. கண் எதிராளியில இருந்து, திருப்பி அடிக்கிற நிலையில பின்னுக்குப் போனால் அது தூரம். முதுகைக் காட்டினாலோ கோட்டுக்கு வெளியில போனாலோ நடுவர் பாப்பார்.

அப்பிடிப் பின்னுக்குப் போற பிள்ளையை நேராத் துரத்த வேண்டாம் எண்டு மகளுக்குச் சொல்லுங்கோ. மூலைக்கு வெட்டிப் போகட்டும். 8 மீற்றர்தான், மூண்டு அடியில கோடு வந்திடும். கோட்டடியில அவவின்ர பின்னங்கால் நிக்கிற நேரம் முன்னங்கால்ல பாரம் மாறும். அஷி பராய்க்கு அந்த நேரம்தான். சனிக்கிழமை டோஜோவில இதை ஆரோடயாவது இருவது தரம் மெதுவாச் செய்து பாக்கச் சொல்லுங்கோ, பிறகு எப்பிடிப் போனது எண்டு இங்க எழுதுங்கோ. அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.